மாமாவுக்குத் தைத்த ரிவெட் பேண்ட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா நான்கு பேண்ட்டைக் கொண்டுவந்து என் தையல் மிஷின் மேல் போட்டாள். நான்கும் மாமாவுடையவை. நான்கிலும் ஒரே இடத்தில்தான் கிழிசல்: வலது முன்பாக்கெட்டின் கீழ்மூலை. மாமா லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்பேனரும் ஸ்டீல் ஸ்கேலும் இருக்கும். நாளுக்கு நூறு தடவை கை உள்ளே போய் வரும். "தைச்சுத் தைச்சு எனக்கு அலுத்துப்போச்சுடா. அந்த மூலை கிழியாத மாதிரி ஒண்ணு தைச்சுக் குடு" என்றாள்.

இதே கோரிக்கையோடு 1871 வாக்கில் ஒரு பெண் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ என்ற ரயில்வே ஊரில், ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரின் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் கணவர் விறகு வெட்டுபவர். டேவிஸ் அப்போது கூடாரம், குதிரைப் போர்வை, வண்டி மூடும் துணி எல்லாம் தைத்துக்கொண்டிருந்தார். குதிரைப் போர்வையில் வார் பிடிக்க அடிக்கும் செப்பு ரிவெட் மேசையில் கிடந்தது. அதை எடுத்துப் பேண்ட்டின் பாக்கெட் மூலைகளில் அடித்தார். கூலி 3 டாலர். இன்று உலகம் முழுக்க ஜீன்ஸ் பாக்கெட்டில் இருக்கிற அந்தச் சின்ன உலோகப் பொட்டு வந்த வழி இதுதான். இந்தக் கதை எனக்கு முன்பே தெரியும். செய்து பார்க்க ஒரு காரணம் இல்லாமல் இருந்தது. அக்கா காரணம் கொடுத்தாள்.

டேவிஸின் முதல் பேண்ட் நீல டெனிம் இல்லை. பழுப்பு வெள்ளை நிறத்தில் 10 அவுன்ஸ் (ஒரு சதுர கெஜத் துணியின் எடை) 'டக்' என்கிற கேன்வாஸ் துணி. நானும் அதிலேயே ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். கேன்வாஸ் மீட்டர் 160 ரூபாய். பிசகினாலும் பெரிய நஷ்டமில்லை. கடையில் 10 அவுன்ஸ் என்றுதான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து 20க்கு 20 சென்டிமீட்டர் துண்டு வெட்டி நகைத் தராசில் போட்டேன்: 11.2 கிராம். 10 அவுன்ஸ் என்றால் 13.6 கிராம் வர வேண்டும். நான் வாங்கியது எட்டே கால் அவுன்ஸ்தான். கனமான துணி வாங்கும்போது கடையில் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு சாண் துணி வாங்கி நிறுத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

இருந்ததை வைத்துத் தைத்தேன். மாமாவுக்கு இடுப்பு 36, சீட் 41, இடுப்புப் பட்டியிலிருந்து கீழ்மடிப்பு வரை 42 இஞ்ச். செய்தித்தாளில் மாதிரி வெட்டி, கேன்வாஸில் சாக்பீஸால் வரைந்து, இரண்டு மாலைகளில் பேண்ட் உருவாகிவிட்டது. துணியை முதலில் நனைக்கவில்லை. அது பெரிய தவறு. அக்கா ஒருமுறை துவைத்ததும் 42 இஞ்ச் 39½ ஆகிவிட்டது, கணுக்கால் தெரிந்தது.

ஆனால் அந்தக் கேன்வாஸ் பேண்ட் வீணாகவில்லை. ரிவெட் அடிப்பதை அதில்தான் கற்றுக்கொண்டேன்.

தோல் பை தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் செப்பு ரிவெட் கிடைத்தது: தலை ஒன்று, அதில் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தண்டு, தனியாக ஒரு வாஷர். 50 ஜோடி 350 ரூபாய். தண்டைத் துணிக்குள் விட்டு, மறுபக்கம் வாஷரை மாட்டி, மிச்சத் தண்டை வெட்டிவிட்டு, நுனியைச் சுத்தியலால் தட்டிக் காளான் தலை போல விரிக்க வேண்டும். முதல் ரிவெட்டில் தண்டை 5 மில்லிமீட்டர் விட்டுவிட்டேன். விரிவதற்குப் பதில் அது சாய்ந்து மடங்கியது. ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்ததில், வாஷருக்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டர் நின்றால் போதும் என்று தெரிந்தது. தட்டை முகச் சுத்தியலும் சரிப்படவில்லை. ஒரு பக்கம் உருண்டையாக இருக்கும் பால்பின் சுத்தியல்தான் வேண்டும். அதிலும் ஓங்கி ஒரே அடி கூடாது. சுற்றிச் சுற்றி இருபது சின்னத் தட்டு. அடியில் பட்டறைக்கல்லுக்குப் பதிலாக மாமா கொடுத்த ஒரு பழைய ஷாஃப்ட் துண்டை வைத்துக்கொண்டேன்.

எனக்கு நிஜமாகப் பாடம் சொன்னது ஓட்டை. ரிவெட்டுக்குத் துளை போட, பெல்ட்டில் ஓட்டை போடும் பஞ்ச் பிளையரைத்தான் முதலில் எடுத்தேன். பார்க்க அழகான வட்ட ஓட்டை விழுந்தது. சந்தேகம் வந்து சோதித்துப் பார்த்தேன். ஒரே மாதிரி மூன்று பாக்கெட் மூலை தைத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசை மாட்டி இழுத்தேன். வெறும் தையல் மட்டும் போட்ட மூலை 21 கிலோவில் பிரிந்தது. பஞ்ச் ஓட்டையில் ரிவெட் அடித்தது 26 கிலோவில் போனது; ரிவெட் துணியைக் கிழித்துக்கொண்டு அப்படியே வெளியே வந்தது. மூன்றாவதில் ஓட்டை வெட்டவில்லை. செருப்புத் தைக்கும் குத்தூசியால் இழைகளை மெல்ல விலக்கி, அந்தச் சந்தில் தண்டை நுழைத்து அடித்திருந்தேன். 45 கிலோ வரை இழுத்தேன்; மூலை அசையவில்லை, கயிறுதான் நழுவியது. பஞ்ச் இழைகளை அறுத்துவிடுகிறது. குத்தூசி ஒதுக்கி வைக்கிறது. ஒதுங்கிய இழைகள் எல்லாம் ரிவெட்டைச் சுற்றி இறுகிக்கொள்கின்றன. ஐந்து கிலோ லாபமா, இருபத்து நான்கு கிலோவுக்கு மேல் லாபமா என்பது இந்த ஒரு கருவியில் இருக்கிறது.

அந்தத் தராசைப் பிடித்து நிற்கும்போதுதான் அந்தக் காலத்து விளம்பரப் படங்கள் எனக்குப் புரிந்தன. டேவிஸ் 18 மாதத்தில் இருநூறு பேண்ட் வரை விற்றார். அக்கம்பக்கத்தில் மற்றவர்களும் இதைப் போலவே செய்யத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. காப்புரிமை எடுக்க 68 டாலர் வேண்டும், கையில் இல்லை. 1872இல், தனக்குத் துணி அனுப்பிக்கொண்டிருந்த சான் பிரான்சிஸ்கோ மொத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்கு, பேண்ட்டுகளின் ரகசியமே பாக்கெட்டில் நான் அடிக்கும் ரிவெட்தான் என்று கடிதம் எழுதினார். 1873 மே 20ஆம் தேதி இருவருக்குமாக 139,121 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை பேண்ட்டுக்கு இல்லை. பாக்கெட் வாயின் ஓரத்தை ரிவெட்டால் பிடிக்கும் முறைக்குத்தான். அவ்வளவு சின்ன இடம் அது. என் அக்கா கைவைத்துக் காட்டிய அதே இடம்.

இந்தச் சின்ன இடத்தை நம்பித்தான் அத்தனை விளம்பரமும். 1886இல் லீவை ஸ்ட்ராஸ் கம்பெனி இடுப்புப் பட்டியில் ஒரு தோல் சீட்டு தைக்கத் தொடங்கியது: இரண்டு குதிரைகள் எதிரெதிர்ப் பக்கம் ஒரு பேண்ட்டை இழுக்கின்றன, பேண்ட் கிழியவில்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளியும் கடையில் இரண்டு குதிரை பேண்ட் கொடு என்று கேட்டு வாங்கலாம். 1928 வரை அந்தச் சரக்குக்கு 'இரண்டு குதிரை மார்க்' என்றுதான் பெயர். நியூயார்க் மாநிலத்து ஸ்வீட்-ஆர் கம்பெனியின் மார்க்கில் குதிரைக்குப் பதில் ஆறு ஆட்கள், பக்கத்துக்கு மூன்று பேராகப் பேண்ட்டை இழுப்பார்கள். நான் ஜன்னல் கம்பியில் செய்ததும் அந்தப் படமும் ஒன்றுதான். தைப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இருந்த ஒரே கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. இவ்வளவு நேர்மையான விளம்பரம் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

சரி, டெனிமுக்கு வருகிறேன். கரை உள்ள டெனிம், அகலம் 30 இஞ்ச், மீட்டர் 540 ரூபாய், 3 மீட்டர் வாங்கினேன். பழைய நாடாத் தறியின் அகலம் அவ்வளவுதான். துணியின் கரையையே காலின் வெளிப்பக்கத் தையலாக வைத்துவிடலாம். பிசிறு வராது, ஓவர்லாக் வேண்டாம். பழைய பேண்ட்டுகளும் அப்படித்தான் வெட்டப்பட்டன. இந்தத் தடவை நிறுத்தேன்: 20க்கு 20 துண்டு 16.1 கிராம், கிட்டத்தட்ட 12 அவுன்ஸ். 1870களில் நியூ ஹாம்ப்ஷயரின் அமோஸ்கெக் ஆலையிலிருந்து வந்த டெனிம் இதைவிட மெல்லியது, 9 அவுன்ஸ் அளவில். மாமாவின் ஸ்பேனருக்கு 12 பொருத்தம்.

சுருக்கத்தையும் முதலிலேயே அளந்தேன். துணியில் சரியாக ஒரு மீட்டருக்கு நூலால் இரண்டு அடையாளம் போட்டு, கை பொறுக்காத சூட்டில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் காயவைத்தேன். நீளம் 92.5 சென்டிமீட்டர் ஆகியிருந்தது. அகலத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் குறைந்தது. நனைக்காமல் வெட்டியிருந்தால் 42 இஞ்ச் காலுக்கு 45½ இஞ்ச் விட்டிருக்க வேண்டும். முழுத் துணியையும் முதலில் நனைத்துவிட்டே வெட்டினேன். கணக்குப் போட்டு வெட்டுவதைவிட இது நிம்மதி. ஆலையிலேயே துணியைச் சுருக்கி அனுப்பும் சான்ஃபரைசிங் முறை 1930ஐ ஒட்டித்தான் வந்தது. அதுவரை எல்லோரும் பெரிதாக வாங்கிச் சுருங்கவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள்.

கால்களின் உள்தையலை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டேன். நான்கு தையலும் சந்திக்கும் கவட்டை இடத்தில் எட்டு அடுக்கு. வெர்னியரில் 6 மில்லிமீட்டர் காட்டியது. என் கால் மிஷினில் 18ஆம் நம்பர் ஊசி மூன்று உடைந்தது. 21 போட்டும் தையல் விட்டுவிட்டு விழுந்தது. நாற்பது வருஷமாகப் பேண்ட் தைக்கும் தெருமுனை மாஸ்டரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"மாஸ்டர், இந்த இடத்துல ஊசி ஏறவே மாட்டேங்குது."

அவர் விரலால் தடவிப் பார்த்தார். "துணி மேடா நிக்குது தம்பி, ஊசி எப்படி ஏறும்? கல்லுல வச்சு சுத்தியலால நல்லாத் தட்டு. மெழுகுவத்தியைத் தேய். அப்புறம் மிதியிலருந்து காலை எடுத்துட்டு, கையால சக்கரத்தைச் சுத்து. பத்துத் தையல்தானே, அவசரம் என்ன?"

தட்டியதில் 6 மில்லிமீட்டர் நாலரை ஆனது. மெழுகு தடவிய பிறகு ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கையால் சுற்றிப் பதினான்கு தையல்; ஒன்றும் விடவில்லை. அந்த இடத்துக்கு வெளியே, ஃப்ளை பட்டியின் அடியில், ஒரு ரிவெட்டும் அடித்தேன். பழைய பேண்ட்டுகளில் அது உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சம் பிடிக்க எடுத்தார்கள்.

பாக்கெட் விஷயத்தில் பழைய முறையை அப்படியே பின்பற்றினேன்: முன்னால் இரண்டு, கடிகாரத்துக்கு ஒரு சின்னப் பாக்கெட், பின்னால் வலப்பக்கம் மட்டும் ஒன்று. பின்னால் இரண்டாவது பாக்கெட் 1901இல்தான் வந்தது. இடுப்பின் பின்புறம் இறுக்கிக்கொள்ள ஒரு வாரும் பக்கிளும் வைத்தேன். ஒரே ஒரு விலகல், பெல்ட் வளையம். 1922 வரை அது கிடையாது. தோள்பட்டையில் மாட்டும் சஸ்பெண்டர் பட்டன்தான். மாமா பெல்ட் போடுகிறவர், அதனால் வளையம் வைத்தேன். மொத்தம் ஒன்பது ரிவெட்.

இனி, நான் எழுதாமல் விட முடியாத ஒரு இடம். பாக்கெட்டின் உள்துணியில் அந்தக் காலத்தில் கம்பெனி முத்திரை அச்சடித்திருப்பார்கள். ஒரு பழைய சுரங்கத்தில் கிடைத்த 1880களின் லீவைஸ் பேண்ட் ஒன்று 2022இல் நியூ மெக்சிகோவில் 76,000 டாலருக்கு ஏலம் போனது; அதன் உள்துணிப் படம் எல்லாச் செய்தியிலும் வந்தது. அதைப் பார்த்து நானும் அச்சுக்குச் செதுக்கும் லினோ தகட்டில் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க ஆரம்பித்தேன். அச்சடித்தால் நேராக வர வேண்டுமே, அதனால் ஒவ்வொரு எழுத்தாகத்தான் பார்த்துக்கொண்டு போனேன், வாக்கியமாகப் படிக்கவில்லை. மூன்றாவது வரியில் பாதி செதுக்கிய பிறகு கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். வெள்ளையர் உழைப்பால் மட்டுமே செய்யப்பட்ட ஒரே சரக்கு என்று இருந்தது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரத் தடைச் சட்டம் போட்டது. அந்த வெறுப்பு அப்போது விற்பனைக்கு உதவியது, பேண்ட்டுக்குள் அச்சாகிவிட்டது. டேவிஸ் பிறந்தது ரீகாவில், ஸ்ட்ராஸ் பிறந்தது பவேரியாவில். இருவருமே பிழைக்க வந்த யூதர்கள். டேவிஸ் கடை வைத்திருந்த ரீனோ ஊர் 1868இல் சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதை வந்ததால் உண்டான ஊர். அந்தப் பாதையைப் போட்டவர்களில் பெரும்பகுதி சீனத் தொழிலாளர்கள். அவர்கள் போட்ட தண்டவாளத்தை ஒட்டி ஊர் வந்தது, ஊரில் கடை வந்தது, கடையில் இந்தப் பேண்ட் வந்தது. அதற்குள் போய் அவர்கள் கை படவில்லை என்று அச்சடித்திருக்கிறார்கள். 1890களில் கம்பெனி அந்த வரியைக் கைவிட்டது. தோல் சீட்டில் இரண்டு குதிரை இழுப்பது உண்மை என்று என் தராசு சொன்னது. அதே பேண்ட்டின் உள்ளே, கை போகும் இடத்தில் இந்த வரி. இரண்டும் ஒரே கம்பெனியின் விளம்பரம்தான்.

அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தேன். ஒரு ஸ்பேனர் படம், அதன் கீழே "மூலை கிழிந்தால் நான் தைத்துத் தருகிறேன்." குதிரை மார்க்கும் பின்பாக்கெட் வளைவுத் தையலும் இன்றும் அவர்களுடைய முத்திரை என்பதால் அவற்றை நான் தொடவில்லை. பாக்கெட்டுக்குக் கோராத் துணி. துணியில் அச்சடிக்கும் மை அதில் நன்றாகப் பிடித்தது.

இடுப்பில் தோல் சீட்டும் வைத்தேன். சாயம் போடாத 2 மில்லிமீட்டர் தோல், சால்டரிங் அயர்ன் நுனியால் ஸ்பேனர் படம் சுட்டது. பார்க்க நன்றாக இருந்தது. பட்டறை எண்ணெய் போக அக்கா கொதிநீரில் ஊறவைத்ததும் அப்பளம் போலச் சுருண்டு கெட்டியாகிவிட்டது. பிரித்து எடுத்துவிட்டேன். வேலைக்குப் போடும் பேண்ட்டுக்கு எண்ணெய்த்துணிச் சீட்டுதான் சரி. அதையும் முயன்றேன்: பருத்தித் துணியில் ஆளி விதை எண்ணெய் மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய ஐந்து நாள் வேண்டும். மூன்றாவதை அவசரப்பட்டுப் பூசியதில் இன்னும் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

செலவு: டெனிம் 1620, கோராத் துணி 60, நூல் 140, ரிவெட் 350, பட்டன் 90, தோல் 80, பக்கிள் 45, ஊசி 90. ஆக 2475 ரூபாய். கேன்வாஸ் ஒத்திகைக்கு 480 சேர்த்தால் 2955. ரிவெட் இன்னும் முப்பதுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. வேலை நேரம் கேன்வாஸை விட்டுவிட்டு 19 மணி நேரம். அதில் வெறும் ஒன்பது ரிவெட்டுக்கே இரண்டு மணி.

முதல் வாரத்திலேயே ஒரு புகார் வந்தது. பின்பாக்கெட் ரிவெட் தலை மாமாவின் பைக் சீட்டு ரெக்சினைக் கீறிவிட்டது. அமெரிக்காவிலும் குதிரைச் சேணத்தையும் பள்ளிக்கூட நாற்காலியையும் கீறுகிறது என்று சொல்லி, 1937இல் பின்பாக்கெட் ரிவெட்டைத் துணிக்குள் மறைத்தார்கள். 1960களில் எடுத்தே விட்டார்கள். படித்திருந்தும் அடித்துவிட்டேன். இரண்டையும் பக்கவெட்டு பிளையரால் வாஷர் பக்கம் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டேன். குத்தூசி ஓட்டை என்பதால் ஒரு துவையலில் இழைகள் திரும்பிச் சேர்ந்து ஓட்டையே தெரியவில்லை.

அடுத்த தடவைக்கு மாற்றங்கள் குறித்து வைத்திருக்கிறேன். பின்பாக்கெட்டுக்கு ரிவெட் வேண்டாம். கவட்டையில் எட்டு அடுக்கு வராதபடி மடிப்புகளை அரை இஞ்ச் தள்ளி வெட்ட வேண்டும். நூல் பருத்திக்குப் பதில் லினன் கிடைத்தால் நல்லது. நீலமும் மாற வேண்டும்: ஜெர்மனியில் 1897இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வரும் முன் டெனிமின் நீலம் எல்லாமே செடியிலிருந்து எடுத்ததுதான். நம் அவுரி இன்றும் திண்டிவனம் பக்கம் பயிராகிறது. அந்தச் சாயத்தில் தோய்த்த பாவு நூலில் நெய்த துணி மூன்று மீட்டர் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது வாரம் அக்கா அந்தப் பேண்ட்டோடு வந்தாள். மனசு திக்கென்றது. மூலைகளைத்தான் முதலில் பார்த்தேன். நான்கும் அடித்த அன்று இருந்தது போலவே இருந்தன, செம்பு மட்டும் கருத்திருந்தது. கிழிந்திருந்தது உள்ளே கோராப் பை. ஸ்பேனரின் வாய் அடியில் தேய்த்துத் தேய்த்து ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை; அச்சடித்த வரியில் "மூலை" என்ற சொல்லோடு போயிருந்தது. சுருங்கிப்போன அந்தக் கேன்வாஸ் பேண்ட் பரணில் கிடந்தது. அதன் காலை வெட்டி இரண்டு பாக்கெட்டுக்கும் புதுப் பை தைத்தேன். மை பூசி அதே தகட்டை மறுபடி அழுத்தினேன். கேன்வாஸில் கோராவைவிட எழுத்து இன்னும் தெளிவாக விழுந்தது.